எழுதாமல் விட்ட வரிகள்

2014 ஜூனிலிருந்து 610 என்ற ஓர் எண்ணைச் சுமந்துகொண்டிருக்கிறேன். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடிப்படி ஏறியதும் செருப்பு விடும் இடம் தாண்டி இரண்டு அறைகள்; அதுதான் எங்கள் அலுவலகம். பள்ளிகளுக்குக் கட்டண ரசீதும் மதிப்பெண் அட்டையும் அச்சிட்டுத் தரும் மென்பொருள் செய்கிறோம். காலையில் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் வட்டமடிக்கும்போது ஜன்னல் கண்ணாடி லேசாக நடுங்கும். மற்ற நேரமெல்லாம் ஸ்டேஷன் அறிவிப்பும் யுபிஎஸ்ஸின் முனகலும்தான். எங்கள் மென்பொருள் ஓடும் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதில் தரவுத்தளத்துக்கு என்று ஒரு கான்ஃபிக் ஃபைல் இருக்கிறது. அமைப்புக் கோப்பு என்று எழுதலாம். நூற்றுச் சொச்சம் வரிகள் கொண்ட வெறும் எழுத்துக் கோப்பு. தமிழில் கடிதம் எழுதும் அதே நிரலில் திறந்து திருத்தலாம். அதன் நடுவில் ஒரு வரி, சும்மா கிடக்கும் இணைப்பை எத்தனை நொடி கழித்துத் துண்டிக்க வேண்டும் என்று சொல்கிறது. செய்தவர்கள் வைத்து அனுப்பும் அளவு 28,800 நொடி, எட்டு மணி நேரம். எங்கள் கோப்பில் 610. வெறும் 600 என்றால் யாரோ பத்து நிமிடம் போதும் என்று போட்டிருக்கிறார் என்று விட்டுவிடுவேன். அந்த மேல் பத்து நொடிதான் என்னை விடமாட்டேன் என்கிறது. பத்து நொடியை யாரும் விளையாட்டாகக் கூட்ட மாட்டார்கள். யாரோ ஒருவர் ஓர் இரவு கண்விழித்து, எதையோ கண்டுபிடித்து, நிம்மதியாக மூச்சுவிட்டு அந்த எண்ணை அடித்திருக்கிறார். அவர் கண்டுபிடித்தது என்ன என்பது அந்தக் கோப்பில் எங்கும் இல்லை.

எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் செங்கல்பட்டிலிருந்து ரயிலில் வந்துபோனவர். பின்னர் ஷார்ஜாவுக்குப் போய்விட்டார். ஒரு வெள்ளிக்கிழமை, அங்கே விடுமுறை நாள் என்று பார்த்து, அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். “அது நான் போட்டதில்லப்பா. நான் சேர்றப்பவே இருந்தது. தொட வேணாம்னு சொன்னாங்க” என்றார். யார் சொன்னார்கள் சார் என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, ஞாபகம் இல்லை என்றார். பிறகு அங்கே வெயில் எப்படி, இங்கே மழை எப்படி என்று பேசிவிட்டு வைத்துவிட்டோம். சர்வர் அதன் பிறகு நான்கு முறை இடம் மாறியது. முதலில் மேசைக்கு அடியில் தூசி மண்டிக் கிடந்த பெட்டி; இப்போது மும்பையில் எங்கோ வாடகைக்கு எடுத்த, கண்ணால் பார்த்தே இராத இயந்திரம். ஒவ்வொரு முறையும் அந்த வரியைக் கையோடு எடுத்துப் போயிருக்கிறேன். எனக்கு ஓர் ஊகம் உண்டு. நடுவில் இருந்த ஏதோ ஒரு கருவி 600 நொடியில் இணைப்பைக் கத்தரித்திருக்கும். தரவுத்தளம் அதற்கு முந்திக்கொள்ளாமல் பத்து நொடி பொறுக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள். அப்படியானால் அந்தக் கருவி என்றைக்கோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். எடுத்துத்தான் பாரேன் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எடுத்த அன்றைக்கே ஏதாவது உடைந்தால் நல்லது, திரும்பப் போட்டுவிடலாம். ஏப்ரலில், மதிப்பெண் அட்டை அச்சிடும் வாரத்தில், ஏதோ ஒரு பள்ளியில் மட்டும் உடைந்தால் அந்த உடைசலையும் இந்த வரியையும் சேர்த்துப் பார்க்க எனக்கே தோன்றாது.

இந்த எண்ணை நான் முதலில் கவனித்த நாளைச் சொல்ல வேண்டும். டெபியன் 6 என்ற இயங்குதளத்துக்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 மே மாதக் கடைசியோடு நின்றன. 7-க்கு மாறியாக வேண்டும். பள்ளி திறக்கும் சமயம், பகலில் சர்வரை நிறுத்த முடியாது என்பதால் ஞாயிறு இரவு உட்கார்ந்தேன். பாதி வழியில் நிறுவல் நின்று ஒரு கேள்வி கேட்டது. இந்தக் கோப்பை நீங்களோ உங்கள் ஆட்களோ திருத்தியிருக்கிறீர்கள். செய்தவர்களும் இதன் புதிய வடிவத்தை அனுப்பியிருக்கிறார்கள். உங்களுடையதை வைத்துக்கொள்ளவா, புதியதை எடுத்துக்கொள்ளவா என்று. பதில் சொல்லாமல் என்டர் தட்டினால் உங்களுடையதே இருக்கும். வேறுபாட்டைப் பார்க்கவும் ஒரு வழி கொடுத்திருந்தார்கள். நான் பார்க்கவில்லை. நான் சேர்ந்து ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்தக் கோப்பை நான் தொட்டதே இல்லை. நான் தொடாததை வேறு யார் தொட்டிருக்கப் போகிறார்கள் என்ற எண்ணம். புதியது நல்லதாகத்தான் இருக்கும் என்று ‘ஒய்’ என்ற எழுத்தைத் தட்டினேன். ஒரே ஒரு எழுத்து. வேலை முடிந்து நள்ளிரவு தாண்டி வண்டியில் கேம்ப் ரோடு வழியாக வீட்டுக்குப் போனது, தெருவிளக்கில் ஈசல் பறந்தது எல்லாம் நினைவிருக்கிறது.

மறுநாள் ஒன்பது மணிக்கு ஒரு பள்ளியின் அலுவலகத்திலிருந்து தொலைபேசி. “சார், பிள்ளைங்க பேரெல்லாம் கேள்விக்குறியா வருது சார்.” மீனாட்சி என்ற பெயர் இருந்த இடத்தில் எட்டுக் கேள்விக்குறி. நம் கண்ணுக்கு அது நான்கு எழுத்து. இயந்திரத்துக்கு ம தனி, அதன் சுழி தனி. ட தனி, அதன் புள்ளி தனி. ஆக எட்டு. எதனால் என்று நான் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த அம்மா பொறுப்பாக ஒரு காரியம் செய்துவிட்டார். பெயர்கள் அழிந்துபோய்விட்டன என்று நினைத்து, வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஒரு வகுப்பு முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்தார். தட்டச்சு செய்தவை திரையில் சரியாகத் தெரிந்தன. எல்லாம் சரியாகிவிட்டது என்று மதியம் எனக்குச் சொல்லவும் செய்தார். உண்மையில் நடந்தது நேர்மாறு. கேள்விக்குறியாகத் தெரிந்த பழைய பெயர்கள் உள்ளே பழுதில்லாமல் இருந்தன. சரியாகத் தெரிந்த புதிய பெயர்கள்தான் உள்ளே சிதைந்து பதிந்திருந்தன. மாலையில் நான் பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்ததும் பழையவை எழுந்து வந்தன, அந்த வகுப்பு மட்டும் லத்தீன் எழுத்துக் குப்பையாக மாறியது. தலையில் சாய்கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர், மறுபடி தலையில் சாய்கோடு போட்ட ஏ. ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று லத்தீன் குறிகள் என்ற கணக்கில் பெயர்கள் வரிசையை மீறி நீண்டு கிடந்தன. அவற்றைத் திருப்பிப் பிரித்தெடுக்க வழி உண்டு. ஆனால் அதே கட்டளையைப் பழுதில்லாத பெயர்கள்மேல் ஓடவிட்டால் அவை நிஜமாகவே கேள்விக்குறிகளாகிவிடும், மீட்கவே முடியாது. எனவே ஒவ்வொரு வரியாகப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். குழந்தைகளின் பெயர்களை அவ்வளவு கவனமாக நான் அதற்கு முன் வாசித்ததில்லை.

காரணம் இரண்டு வரி. எனக்கு முன்னிருந்த யாரோ, இந்தச் சர்வரில் எல்லாமே யூனிகோட், இணைக்கும் நிரல் வேறு என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே என்று இரண்டு வரி எழுதி வைத்திருந்தார். நான் தட்டிய ஒற்றை எழுத்து அவற்றை அகற்றிவிட்டது. வரி போனதும் தரவுத்தளம் தன்னைச் செய்தவர்களின் வழக்கத்துக்குத் திரும்பியது. அந்த வழக்கம் என்ன என்று அன்று இரவு தேடிப் படித்தேன். நாங்கள் பயன்படுத்தியது மைஎஸ்க்யூஎல். அதை வளர்த்த நிறுவனம் 1995-இல் ஸ்வீடனில் தொடங்கியது. ஒருவர் எதுவும் சொல்லாவிட்டால் அது மேற்கு ஐரோப்பிய எழுத்துத் தொகுதியை எடுத்துக்கொள்ளும். அகரவரிசைக்கு ஸ்வீடிஷ் மொழியின் வரிசை. அதாவது, ஏயின் தலையில் வளையம் போட்ட எழுத்து இசட்டுக்குப் பிறகு வர வேண்டும் என்ற வரிசை. தங்கள் ஊரில் தங்கள் மொழிக்குச் செய்துகொண்ட ஏற்பாடு. அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஏற்பாடு கடல் கடந்து வந்து தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில், செம்பாக்கத்துப் பிள்ளைகளின் பெயர்களுக்கு அடியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. 2018 ஏப்ரலில் வந்த 8.0 பதிப்பில்தான் அது யூனிகோடுக்கு மாறியது. அதுவரை உலகத்தில் எத்தனை மொழிக்காரர்கள் தங்களை அறியாமல் ஸ்வீடன்காரர்களாக இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

டீஃபால்ட் என்ற சொல்லுக்குச் சில திரைகளில் ‘இயல்புநிலை’ என்று போடுகிறார்கள், சிலவற்றில் ‘முன்னிருப்பு’ என்று. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. இயல்பு என்று சொன்னால் மாம்பழத்துக்கு இனிப்பு போல, பள்ளத்துக்குத் தண்ணீர் போல, அது அப்படித்தான் இருக்கும் என்று ஆகிவிடுகிறது. முன்னிருப்பு அவ்வளவு பெரிய உரிமை கொண்டாடவில்லை. நீ வருமுன் இது இங்கே இருந்தது, அவ்வளவுதான். யார் வைத்தார் என்ற கேள்விக்கு அதில் இடம் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லோ பழைய பிரெஞ்சில் குறை, தவறுதல் என்ற பொருளில் இருந்து வந்தது. தவணை கட்டத் தவறியவரை வங்கியில் டீஃபால்ட்டர் என்பது அந்தப் பொருளில்தான். நீ சொல்லத் தவறினாய், ஆகவே இது. சொல்லாமல் இருப்பது அங்கே ஒரு தவறு. இங்கேதான் எனக்குச் சந்தேகம் வருகிறது. கோப்பில் ஒரு வரியை எழுதாமல் விடுவது தவறுதலா, அல்லது அதுவும் ஒரு பேச்சா?

பள்ளித் தமிழாசிரியர் ஒருவர், எழுவாய்க்கு உருபு கிடையாது என்று கரும்பலகையில் வெற்றிடம் விட்டுக் காட்டியது இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. பால் பொங்கியது என்பதில் பால் சும்மா நிற்கிறது. பால் குடித்தான் என்பதிலும் பால் சும்மாதான் நிற்கிறது. முன்னதில் உருபே இல்லை. பின்னதில் ஐ என்ற உருபு தொக்கி நிற்கிறது. இரண்டாம் வேற்றுமைத் தொகை. பார்வைக்கு ஒரே வெறுமை, ஆனால் இரண்டு வேறு மௌனங்கள். நம் இலக்கணக்காரர்கள் இந்த இரண்டையும் பிரித்து வைத்தார்கள். அமைப்புக் கோப்பிலும் இப்படி இரண்டு இருக்கின்றன, பிரித்து வைக்கத்தான் ஆள் இல்லை. ஒரு வரியை நான் எழுதவே இல்லை என்றால், செய்தவர் நாளைக்கு எங்கே போனாலும் பின்னாலேயே வருகிறேன் என்று பொருள். அவர் 28,800-ஐ 3,600 ஆக்கினால் எனக்கும் 3,600. நானே 28,800 என்று எழுதி வைத்தால், அவர் போனாலும் நான் இங்கேயே நிற்பேன் என்று பொருள். இன்றைக்கு இரண்டு சர்வரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு துளி வேறுபாடு தெரியாது. மூன்று வருடம் கழித்து ஒரு பதிப்பு மாற்றத்தின்போதுதான் ஒன்று நகரும், ஒன்று நிற்கும்.

எங்கள் தொழிலில் இந்த வேறுபாட்டை நாங்களே அழித்துவிடுகிறோம். பழக்கம் என்ன? செய்தவர் அனுப்பிய கோப்பை அப்படியே முழுதாக நகல் எடுத்து, வேண்டிய ஒரு வரியை மட்டும் திருத்துவது. நூற்றிருபது வரியில் ஒரு வரிதான் என் விருப்பம். மீதி 119-ஐ நான் வாசித்துக்கூட இருக்க மாட்டேன். ஆனால் அந்த நொடியிலிருந்து 120-உம் என் கையெழுத்தில் இருப்பதாக ஆகிவிடுகிறது. டெபியன் அந்த இரவில் என்னிடம் கேட்டதும் இதனால்தான். கோப்பை யாருமே தொடாமல் இருந்திருந்தால் அது கேள்வியே கேட்காமல் புதியதை வைத்திருக்கும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் முழுக் கோப்பும் உங்களுடையது என்று எடுத்துக்கொண்டு நின்று கேட்கும். எந்த வரி மனமறிந்து போட்டது, எது கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது என்று அதற்குத் தெரிய வழியில்லை. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்தத் திங்கட்கிழமை இரவு இரண்டு கோப்புகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்பது வரிகளில் வேறுபாடு. இரண்டு, தமிழைக் காப்பாற்றியவை. இன்னும் ஆறுக்குக் காரணம் நானாகவே கண்டுபிடித்தேன்: நினைவகம் போதாதது, பழைய பிழை ஒன்று, வெளியிலிருந்து யாரும் நுழையாமல் பூட்டியது. மிச்சம் ஒன்று. 610.

ஒப்பிட முடிந்ததே டெபியனைச் செய்தவர்களின் புண்ணியம். உள்ளூரில் செய்த திருத்தம் பதிப்பு மாறும்போது அழியக் கூடாது என்பது அவர்களுடைய எழுதப்பட்ட கொள்கை. நீங்கள் புதியதைத் தேர்ந்தெடுத்தாலும் பழையதை எறிவதில்லை. பெயரின் வாலில் ‘பழையது’ என்று ஒட்டிப் பக்கத்திலேயே வைக்கிறார்கள். பழையதை வைத்துக்கொண்டால் புதியது அதேபோல் வால் ஒட்டிக் காத்திருக்கும். எங்கள் வீட்டுக் கேட்டிலும் இப்படித்தான். மனை போட்டவர் வைத்த பிளாட் எண் தகரத்தில்; பேரூராட்சிக் காலத்துக் கதவு எண் சுவரில் பெயின்டில்; புது எண் நீல அட்டையில். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. அதன் பிறகும் கூரியர் பையன் தெருமுனையில் நின்று, “அண்ணா, பழைய நம்பரா புது நம்பரா?” என்றுதான் கேட்கிறான். முகவரி எழுதும்போது இந்தப் பக்கத்தில் நாம் இரண்டையும் எழுதுகிறோம். கேட்பவர் எந்தக் காலத்து எண்ணை அறிந்தவர் என்று நமக்குத் தெரியாது அல்லவா? ஊர்க்காரர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் கண்டுபிடித்த இந்த முறையை என் துறை கோப்புகளின் வாலில் வைத்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

இப்போது மேலான வழி ஒன்று இருக்கிறது, அதையே பின்பற்றுகிறேன். செய்தவர் கோப்பைத் தொடுவதே இல்லை. அதன் பக்கத்தில் ஒரு கோப்புறை. அதில் என் திருத்தம் மட்டும், நான்கு வரியோ ஐந்து வரியோ, தனிக் கோப்பாக. இயந்திரம் முதலில் அவருடையதைப் படிக்கும், பிறகு என்னுடையதைப் படித்து அதன்மேல் போர்த்தும். லினக்ஸில் சேவைகளை எழுப்பி நடத்தும் சிஸ்டம்டி இந்த முறையை வழக்கமாகவே ஆக்கிவிட்டது: செய்தவருடையது ஓர் இடம், நிர்வாகியுடையது ஓர் இடம், நிர்வாகியின் திருத்தங்களை மட்டும் உரித்தெடுத்துவிட்டு முதலில் இருந்த நிலைக்குத் திரும்ப ஒரு கட்டளை. எந்த வரி என் விருப்பம், எது என் மௌனம் என்பது அங்கே பார்த்ததுமே தெரிகிறது. யார் பேச்சு கடைசியில் நிற்க வேண்டும் என்பதில் மட்டும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு பழக்கம். மைஎஸ்க்யூஎல் பொதுக் கோப்பை முதலில் படித்து, பயனரின் சொந்தக் கோப்பைப் பிறகு படிக்கும்; பிறகு சொன்னதே நிற்கும். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய நாங்கள் பயன்படுத்தும் எஸ்எஸ்ஹெச்சில் முதலில் சொன்னதே நிற்கும். ஆகவே அது பயனரின் கோப்பை முதலில் படிக்கிறது. வழி எதிரெதிர், இரண்டிலும் கடைசிச் சொல் பயனருக்கு. இந்த மரியாதை எல்லோருக்கும் முதலிலேயே தோன்றிவிடவில்லை. இணையப் பக்கங்களின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் விதிகளின் 1996-ஆம் ஆண்டு வடிவத்தில், பக்கத்தைச் செய்தவரும் படிப்பவரும் தத்தம் விருப்பத்தை முக்கியம் என்று குறித்துவிட்டால் செய்தவர் பக்கமே தீர்ப்பு. 1998-இல் வந்த இரண்டாம் வடிவத்தில் அதைத் திருப்பினார்கள்: படிப்பவர் முக்கியம் என்று சொன்னால் அதுவே முடிவு. கண்புரை அறுவைக்கு முன் என் அம்மா எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்துக்கொண்டிருந்த மாதங்களில் அந்த ஒரு திருத்தத்தின் எடை எனக்குப் புரிந்தது. எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று அம்மாவின் கண்ணைவிட யாருக்குத் தெரியும்?

தமிழில் கணினியைத் தொட்ட என் தலைமுறையில் எவரும் மௌனமாகத் தொடங்கவில்லை. தொடங்க முடியவில்லை. வாங்கிவந்த பெட்டியில் தமிழ் இராது. எழுத்துருவைத் தேடி நிறுவ வேண்டும். விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி அரசு அறிவித்த தமிழ்99-ஆ, பழைய தட்டச்சு முறையா என்று வாதாட வேண்டும். பிறகு நேரத்தை ஐந்தரை மணி முன்னால் தள்ளி, காகிதத்தை அமெரிக்க அளவிலிருந்து ஏ4-க்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஜெராக்ஸ் கடையில் அச்செடுக்கும்போது ஓரம் வெட்டுப்படும். ஒவ்வொன்றும் ஒரு மீறல், ஒரு வரி. வேறு ஊரில் பிறந்த ஒருவன் ஒன்றுமே எழுதாமல் உட்கார்ந்து வேலையைத் தொடங்குகிற இடத்துக்கு வந்துசேர நாம் பத்து வரி எழுத வேண்டியிருந்தது. அதனால்தான் எழுதாமல் விடுவதைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லும்போதே தொண்டையில் ஏதோ தடுக்கிறது. நமக்கு வாய்த்த மௌனம் ஸ்வீடிஷ் பேசியது. அதே சமயம், நாம் எழுதிய அந்தப் பத்து வரிகளில் ஏழெட்டு இன்றைக்குத் தேவையில்லை. செய்தவர்களே நம் பக்கம் வந்துவிட்டார்கள். எவற்றை இனி எடுத்துவிடலாம் என்று சொல்ல, எதற்காகப் போட்டோம் என்று தெரிந்த யாராவது இருக்க வேண்டும்.

காரணத்தை எழுதி வைக்க ஓர் எளிய வழி எப்போதும் இருந்திருக்கிறது. வரியின் தொடக்கத்தில் ஹாஷ் குறி போட்டால் இயந்திரம் அதைப் படிக்காது. மனிதர் மட்டும் படிக்கலாம். எஸ்எஸ்ஹெச்சின் சர்வர் கோப்பில் இதை அழகாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். முன்னிருப்பு அளவுகளையே ஹாஷ் போட்டு வரிசையாக எழுதியிருப்பார்கள். நீ பேசாவிட்டால் நான் இப்படி எடுத்துக்கொள்வேன் என்று மௌனத்தின் பொருளை முன்கூட்டியே சொல்லிவிடும் நேர்மை அது. ஆனால் அதிலும் ஒரு வினை. ரூட் என்னும் தலைமைக் கணக்கில் கடவுச்சொல் கொடுத்து நேரே நுழையலாமா என்ற கேள்விக்குப் பழைய கோப்பில் ஹாஷ் போட்டு ‘ஆம்’ என்று இருந்தது. 2015 ஆகஸ்டில் வந்த 7.0 பதிப்பில் முன்னிருப்பு மாறிவிட்டது: கடவுச்சொல்லால் கூடாது, சாவிக் கோப்பு இருந்தால் மட்டும். பழைய கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நிரலை மட்டும் மாற்றியவரின் கோப்பில் ‘ஆம்’ என்ற குறிப்பு அப்படியே இருந்தது. பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் எழுதாத பொய். குறிப்புகளுக்கும் வயதாகிறது. தேதி போடாத குறிப்பைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் பயம்.

மறுபடியும் தமிழாசிரியரிடம்தான் போகிறேன். வழு, வழாநிலை, வழுவமைதி என்று மூன்று சொல்லுவார். விதிப்படி பேசினால் வழாநிலை. தவறிப் பேசினால் வழு. விதியை மீறியிருந்தாலும் தக்க காரணம் இருந்து ஏற்றுக்கொள்ளப்பட்டால் வழுவமைதி. பசுவைப் பார்த்து ‘அம்மா வந்தாள்’ என்று சொல்வது அஃறிணையை உயர்திணையாக்கும் மீறல். அது வழு ஆகாது, உவப்பினால் வந்தது. நன்னூலார் உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு என்று ஐந்து காரணங்களை எண்ணி, இவற்றால் திணையும் பாலும் பிறழ்ந்தால் அதுவும் இயல்புதான் என்று முடிக்கிறார். பதின்மூன்று வயதில் இதை மனப்பாடம் செய்தபோது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது அந்த முடிவில் வந்து நிற்கிறேன். பசுவை வந்தாள் என்று சொன்னவர் அருகில் நின்றால் அவர் முகத்தில் அந்த உவப்பு தெரியும். 610-ஐ எழுதியவர் முகம் எனக்குத் தெரியவில்லை. கோபமா, அவசரமா, நுணுக்கமா, எதனால் மீறினார் என்று சொல்லாமல் போய்விட்டார். வழுவா வழுவமைதியா என்று தீர்மானிக்க வழியின்றி அந்த வரி நடுவில் நிற்கிறது.

இந்த மாதம் ஐந்தாவது இடமாற்றம். போன வாரம் ஓர் இரவு, எல்லோரும் போன பிறகு, என் திருத்தங்கள் மட்டும் இருக்கும் அந்தச் சின்னக் கோப்பைத் திறந்தேன். 610-க்கு மேலே ஹாஷ் குறி போட்டு எழுதத் தொடங்கினேன். வழக்கமாக இப்படிப்பட்ட குறிப்புகளை ஆங்கிலத்தில்தான் எழுதுவோம். அன்று தமிழில் எழுதினேன், அந்தக் கேள்விக்குறிகளை நினைத்துக்கொண்டோ என்னவோ. இந்த எண் 2013-க்கு முன்பிருந்தே இருக்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியாது. எனக்கு முன்னிருந்தவருக்கும் தெரியாது. 600 நொடியில் துண்டிக்கும் ஏதோ ஒன்றுக்காக இருக்கலாம் என்பது ஊகம் மட்டுமே. எடுத்துப் பார்ப்பதானால் மே மாதத்தில், பள்ளி விடுமுறையில் எடுத்துப் பாருங்கள். கீழே தேதி. கறுப்புத் திரையில் தமிழ் ஒழுங்காக விழாது. கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக, புள்ளிகள் அடுத்த எழுத்தின் மேலேறி நின்றன. உதட்டை அசைத்து மெதுவாக வாசித்துப் பார்த்தேன். வாசிக்க முடிந்தது. சேமித்தேன். கீழே 610 அப்படியே இருந்தது.